கடை கார்டு திடீரென முடக்கப்பட்டால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் குடியேறிய முதல் ஓரிரு ஆண்டுகளில் பலருக்குக் கையில் கிடைக்கும் முதல் கடன் அட்டை ஏதாவது ஒரு கடையின் அட்டையாக இருக்கிறது. பெரிய வங்கிகள் 'இங்கே உங்களுக்குக் கடன் வரலாறே இல்லை' என்று திருப்பி அனுப்பும்போது, துணிக்கடையோ ஃபர்னிச்சர் கடையோ பில் போடும் இடத்திலேயே ஒரு ஸ்டோர் கார்டைக் கொடுத்துவிடுகிறது. மெத்தையும் சோபாவும் அதில் வாங்கி, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டி வருவீர்கள். ஒரு நாள் கவுண்டரில் கார்டு எடுபடாது. ஆன்லைனில் திறந்து பார்த்தால் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். ஒரு தவணைகூடத் தவறாதவருக்கும் இது நடக்கிறது.

காரணம் பெரும்பாலும் கணக்கு மறு ஆய்வு. கார்டு கொடுத்த பிறகும் அவர்கள் அவ்வப்போது உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பார்கள். 1970-இல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. இது 'சாஃப்ட் புல்' வகைப் பார்வை, உங்கள் ஸ்கோரை, அதாவது கடன் மதிப்பெண்ணை, குறைக்காது. ஆனால் அந்தப் பார்வையில் ஏதாவது உறுத்தினால் வரம்பைக் குறைப்பார்கள், புதிய செலவை நிறுத்துவார்கள், சில சமயம் கணக்கையே மூடிவிடுவார்கள்.

இப்படி ஆனவர்கள் முதலில் செய்வது கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு வாதாடுவது. அதனால் காரியம் ஆவது அபூர்வம். சட்டப்படி உங்களுக்கு ஒரு கடிதம் வர வேண்டும். எந்த பீரோவின் (கடன் அறிக்கை தொகுக்கும் நிறுவனத்தின்) அறிக்கையைப் பார்த்தார்கள், அதில் எது பிடிக்கவில்லை என்பது அந்தக் கடிதத்தில் இருக்கும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிழை இருக்கும் இடத்துக்கே போய்த் திருத்துவதுதான் உருப்படியான வழி. இனி வருவதெல்லாம் அதற்கான படிகள்.

நிறுத்தியது கடை இல்லை, வங்கி

கார்டில் கடையின் பெயர் பெரிதாக இருக்கும். பின்பக்கம் சிறிய எழுத்தில் ஒரு வங்கியின் பெயர் இருக்கும். சிங்க்ரனி, கமெனிட்டி, சிட்டிபேங்க், டிடி பேங்க், கேப்பிடல் ஒன் என்று இந்தத் தொழிலில் இருப்பவை சில பெரிய வங்கிகள்தான். கடன் கொடுப்பதும் ஆய்வு செய்வதும் நிறுத்துவதும் அவைதாம். கடை மேனேஜரிடம் போய் நின்றால் அவரால் உங்கள் கோப்பைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. எனவே பேச்சும் கடிதமும் வங்கியோடுதான்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. ஒரே வங்கி பல கடைகளுக்குக் கார்டு கொடுக்கிறது. உங்களிடம் மூன்று கடைகளின் கார்டு இருந்து, மூன்றின் பின்னாலும் ஒரே வங்கி இருந்தால், ஒன்று நின்ற கையோடு மற்றவையும் நிற்கலாம். மூன்று பேர் சேர்ந்து ஒதுக்கிவிட்டதாக அப்போது கலங்க வேண்டாம், முடிவு எடுத்தது ஒரே இடம்தான்.

முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை

செய்தி உண்மைதானா என்று முதலில் பாருங்கள். 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இந்த இணைப்பைத் தட்டுங்கள்' என்று குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வந்தால் அதைத் தட்டாதீர்கள். புதிதாக வந்தவர்களைக் குறிவைத்து இப்படி ஏமாற்றுபவர்கள் நிறைய. கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது நீங்களே வங்கியின் தளத்துக்குப் போய் உள்ளே நுழைந்து பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை, உங்களைத் தேடிக் கூப்பிட்டவரிடம் சொல்லவே கூடாது.

அடுத்தது பணம் கட்டுவது. கணக்கு நின்றாலும் கடன் நிற்காது. 'அவர்களே நிறுத்திவிட்டார்கள், நான் ஏன் கட்ட வேண்டும்' என்ற கோபத்தில் ஒரு மாதம் விட்டால் லேட் ஃபீஸ் ஏறும். கெடு தாண்டி 30 நாள் ஆனால் தாமதம் என்று பீரோவுக்குப் போகும், போனால் ஏழு ஆண்டு அங்கேயே இருக்கும். ஆட்டோ பே இன்னும் ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஆன்லைன் கணக்குக்குள் நுழைய முடியவில்லை என்றால் ஸ்டேட்மெண்டில் உள்ள முகவரிக்குச் செக் அனுப்பலாம், அல்லது போனில் தானியங்கி முறையில் கட்டலாம். ஆள் பேசி அவசரமாகக் கட்டிக் கொடுத்தால் மட்டுமே அதற்குக் கட்டணம் கேட்கலாம், தானியங்கி முறைக்குக் கேட்கக் கூடாது.

அந்தக் கார்டில் மாதச் சந்தா ஏதாவது ஓடினால் வேறு கார்டுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், இந்தப் பதற்றத்தில் வேறு இரண்டு மூன்று கார்டுகளுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் 'ஹார்ட் புல்', அதாவது ஸ்கோரைக் குறைக்கக்கூடிய பார்வை. இரண்டு ஆண்டு அறிக்கையில் தெரியும். காரணம் என்னவென்று தெரியாமலே போடும் விண்ணப்பம் அதே காரணத்துக்காகத்தான் திரும்பி வரும்.

போனில் என்ன கேட்பது

கூப்பிட்டவுடன் காரணம் கேட்டு மடக்கப் பார்க்காதீர்கள். எதிரில் இருப்பவர் திரையில் தெரியும் வரியைத்தான் படிப்பார். நான்கு விஷயங்களை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டதா, வரம்பு குறைக்கப்பட்டதா, அடியோடு மூடப்பட்டதா? கடன் அறிக்கையால் நடந்ததா, அல்லது அடையாளச் சரிபார்ப்புக்காகவா? எந்தத் தேதியில் முடிவு எடுத்தார்கள், கடிதம் எந்த முகவரிக்குப் போனது? நீங்கள் ஏதாவது ஆவணம் அனுப்ப வேண்டுமா?

மூன்றாவது கேள்விதான் நம்மவர்களுக்கு மிக முக்கியம். அபார்ட்மெண்ட் மாறும்போது சம்பள வங்கிக்கு மட்டும் முகவரி மாற்றிவிட்டு ஸ்டோர் கார்டை மறந்துவிடுகிறோம். கடிதம் பழைய வீட்டின் தபால் பெட்டியில் கிடக்கும். அப்படியானால் முகவரியைத் திருத்தச் சொல்லி, கடிதத்தை மறுபடி அனுப்பும்படி கேளுங்கள். பேசியவர் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அடையாளச் சரிபார்ப்பு என்று சொன்னால் விஷயம் சுலபம். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது மின்சார பில் கேட்பார்கள். அவர்கள் சொன்ன பாதுகாப்பான வழியில் அனுப்பினால் பெரும்பாலும் திறந்துவிடும். சில நிறுவனங்கள் வருமானத்தைச் சரிபார்க்க 4506-சி என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்கும். உங்கள் வரிக் கணக்கின் சுருக்கத்தை வருமான வரித் துறையிடமிருந்து நேரடியாகப் பெற அது அனுமதி கொடுக்கிறது. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய வருமானமும் வரித் தாக்கலில் உள்ளதும் ஒத்துப்போனால் கையெழுத்திடத் தயங்க வேண்டாம்.

கடிதத்தைப் படிப்பது எப்படி

1974-இல் வந்த சமவாய்ப்புக் கடன் சட்டப்படி, நடப்பில் உள்ள கணக்குக்குப் பாதகமான முடிவு எடுத்தால் 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். குறிப்பான காரணங்களை அதிலேயே எழுத வேண்டும், அல்லது காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். இரண்டாவது வகைக் கடிதம் வந்தால் 60 நாளுக்குள் கேளுங்கள். கேட்ட 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'எங்கள் உள் விதிகளின்படி' என்றோ 'எங்கள் மதிப்பெண் முறையில் தேறவில்லை' என்றோ மட்டும் எழுதினால் அது சட்டப்படி போதாது. அப்படி வந்தால் குறிப்பான காரணம் வேண்டும் என்று திரும்ப எழுதுங்கள்.

சில விதிவிலக்குகள் உண்டு. நீண்ட நாள் பயன்படுத்தாமல் விட்டதற்காகவோ, அந்தக் கணக்கிலேயே தவணை தவறியதற்காகவோ எடுத்த நடவடிக்கைக்கு இந்த அறிவிப்பு கட்டாயமில்லை. கவுண்டரில் ஒரே ஒரு முறை கார்டு மறுக்கப்பட்டதற்கும் கடிதம் வராது. எனவே கடிதம் வரவில்லை என்றால் இவற்றில் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்து எடுத்த முடிவு என்றால் கடிதத்தில் இன்னும் சில விவரங்கள் இருக்கும். அறிக்கை கொடுத்த பீரோவின் பெயர், அன்றைய ஸ்கோர், அந்த ஸ்கோரின் கீழ் எல்லையும் மேல் எல்லையும், ஸ்கோரைப் பாதித்த முக்கியக் காரணங்கள் நான்கு வரை. சமீபத்திய விண்ணப்பங்களும் ஒரு காரணம் என்றால் ஐந்தாவதாக அதுவும் வரும். உங்கள் போன் ஆப்பில் தெரியும் ஸ்கோரும் இதுவும் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம். ஃபைகோ, வான்டேஜ்ஸ்கோர் என்று முறைகள் பல. ஒவ்வொரு பீரோவின் கோப்பும் தனித்தனி.

காரணங்கள் சுருக்கமான ஆங்கிலத் தொடர்களாக இருக்கும். 'வரம்போடு ஒப்பிட்டால் பாக்கி மிக அதிகம்' என்ற பொருளில் வருவது புதியவர்களுக்கு அடிக்கடி வரும். 800 டாலர் வரம்புள்ள கார்டில் 700 டாலருக்கு மெத்தை வாங்கினால் 87.5 சதவீதம் நிரம்பிவிட்டது. கட்டும் எண்ணம் உங்களுக்கு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அறிக்கையில் அந்த விகிதம்தான் தெரியும். 'கணக்குகளின் வயது குறைவு', 'சமீபத்தில் திறந்த கணக்குகள் அதிகம்' என்பவையும் புதியவர்களுக்கே உரியவை. வந்த ஆறு மாதத்தில் கார் லோன், இரண்டு கார்டு, போன் திட்டம் என்று அடுத்தடுத்து எடுத்தால் இப்படி வரும். 'கலெக்‌ஷன் கணக்கு உள்ளது' (கட்டாத பாக்கி வசூல் நிறுவனத்துக்குப் போனது), 'கடுமையான தாமதம் உள்ளது' என்று வந்து, உங்களுக்கு அப்படி எதுவும் இல்லவே இல்லை என்றால் அங்கே பிழை இருக்கிறது.

அறிக்கையை வரவழைத்தல்

கடிதம் கிடைத்த 60 நாளுக்குள், அதில் பெயர் சொல்லப்பட்ட பீரோவிடம் உங்கள் அறிக்கையை இலவசமாகக் கேட்கலாம். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும்தான் பெரியவை. சில கடிதங்களில் லெக்ஸிஸ்நெக்ஸிஸ், இன்னோவிஸ் போன்ற பெயர்கள் வரும். அப்போது அந்த நிறுவனத்திடமே கேட்க வேண்டும். பெரிய மூன்றில் தேடிப் பயனில்லை.

இது போக, ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று பீரோ அறிக்கைகளையும் வாரம் ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். 2023 முதல் இது நிரந்தர ஏற்பாடு. சட்டப்படி நியமிக்கப்பட்ட தளம் இது ஒன்றே. ஒத்த பெயருள்ள மற்ற தளங்கள் கட்டணச் சந்தாவில் சேர்த்துவிடும். தளத்தில் அடையாளக் கேள்விகளுக்குப் பதில் பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டால், 1-877-322-8228 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது தபாலில் படிவம் அனுப்பலாம். புதியவர்களுக்கு இந்தத் தள்ளல் அடிக்கடி நடக்கும். அதுவே உங்கள் கோப்பில் பெயரோ முகவரியோ பிசகி இருக்கிறது என்பதற்கு முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

பெயரைத்தான் முதலில் பாருங்கள்

இந்தப் பகுதிக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். அமெரிக்க முறை ஒவ்வொருவருக்கும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்திருக்கிறது. தமிழர் பெயர் அந்தக் கட்டங்களுக்கு ஏற்ப அமைந்ததில்லை.

எஸ். கார்த்திகேயன் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். தந்தை பெயர் சுப்பிரமணியன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, பெயர்க் கட்டத்தில் கார்த்திகேயன். விசாவில் அது கடைசிப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று, அதாவது முதல் பெயர் தெரியாது என்று, அச்சாகிவிடும். வேலையில் சேரும்போது அவர் கார்த்திகேயன் சுப்பிரமணியன். வாடகை ஒப்பந்தத்தில் சுப்பிரமணியன் கார்த்திகேயன். ஸ்டோர் கார்டில் இடம் போதாமல் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். போன் நிறுவனத்தில் ஆங்கில எழுத்து ஒன்று கூடவோ குறையவோ இருக்கும். இவர்கள் எல்லோரும் ஒருவர்தான் என்று பீரோவின் கணினிக்கு எப்படித் தெரியும்?

இதனால் இரண்டு விதச் சிக்கல் வரும். ஒன்று, உங்கள் கோப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒழுங்காகக் கட்டிய கார் லோன் ஒரு பெயரிலும், நிரம்பி வழியும் ஸ்டோர் கார்டு இன்னொரு பெயரிலும் நிற்கும். ஆய்வு செய்யும் வங்கி இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு, ஒரே கார்டு, அதுவும் நிரம்பியிருக்கிறது என்று முடிவு செய்யும்.

மற்றது இதைவிட மோசம்: வேறொருவர் கடன் உங்கள் கோப்பில் கலந்துவிடுவது. செந்தில் குமார் என்பது நமக்கு ஒரே பெயர். இங்கே செந்தில் முதல் பெயர், குமார் கடைசிப் பெயர் என்று பிரிந்துவிடுகிறது. குமாரைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அதில் செந்தில்களும் உண்டு. நம்மவர்கள் கூட்டமாகக் குடியிருக்கும் அபார்ட்மெண்ட் வளாகங்களில் ஒரே பெயருள்ள இருவர் ஒரே தெரு எண்ணில், வெவ்வேறு கதவு எண்ணில் இருப்பதும் நடக்கும். அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பா பெயரே கடைசிப் பெயராகி, ஒரே வீட்டில் குடியிருந்து, முதல் எழுத்தும் ஒன்றாக இருந்தால் கலப்புக்கு எல்லா வசதியும் இருக்கிறது. தம்பியின் தாமதம் அண்ணன் கணக்கை நிறுத்தும்.

எனவே அறிக்கை கையில் வந்ததும் கடன் பட்டியலுக்குத் தாவாதீர்கள். முதல் பக்கத்தில் பெயர்கள், பிறந்த தேதி, முகவரிகள், வேலை செய்த இடங்கள் இருக்கும். உங்களுடையது இல்லாத ஒரு பெயரோ முகவரியோ அங்கே இருந்தால் அதற்கு மஞ்சள் கோடு போடுங்கள். தெரியாத முகவரி இருக்கும் அறிக்கையில் தெரியாத கடனும் இருக்க வாய்ப்பு அதிகம். சோஷியல் செக்யூரிட்டி எண் வரும் முன் ஐடின் என்ற வரி அடையாள எண்ணிலோ பாஸ்போர்ட்டிலோ கணக்குத் திறந்தவர்கள், எண் வந்த பிறகு அதை அந்த வங்கிக்குத் தெரிவித்தார்களா என்றும் பாருங்கள். தெரிவிக்காவிட்டால் பழைய கணக்கு தனிக் கோப்பிலேயே தங்கிவிடக்கூடும்.

பிறகு கடன் பட்டியல். ஒவ்வொரு கணக்கும் உங்களுடையதுதானா, வரம்பு சரியா, பாக்கி சரியா, தாமதம் என்று போட்டிருக்கும் மாதம் உண்மையா என்று ஸ்டேட்மெண்டோடு ஒப்பிடுங்கள். வீடு மாறும்போது பழைய முகவரிக்குப் போன கடைசி மின்சார பில், இன்ஷூரன்ஸ் கட்டும் என்று நினைத்து விட்டுவிட்ட லேப் பில் ஆகியவை கலெக்‌ஷனாக உட்கார்ந்திருக்கும் இடம் இதுதான். மருத்துவக் கடனில் ஒரு நிம்மதி உண்டு. கட்டி முடித்த மருத்துவக் கலெக்‌ஷன்களை மூன்று பீரோக்களும் 2022 ஜூலை முதல் காட்டுவதில்லை என்றும், 500 டாலருக்குக் கீழ் உள்ளவற்றை 2023 ஏப்ரல் முதல் நீக்குவது என்றும் முடிவு செய்தன. அப்படி ஒன்று இன்னும் இருந்தால் நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பிழையைத் திருத்தக் கேட்பது

பீரோவின் தளத்திலேயே ஆட்சேபம் பதியலாம். ஒரு கணக்கில் ஒரு எண் தவறு என்றால் அதுவே போதும். பெயர்க் கலப்பு, கோப்புப் பிரிவு போன்றவற்றுக்குத் தபால்தான் நல்லது என்பது என் கருத்து. தளத்தின் கட்டங்களில் நம் பெயரின் கதையை விளக்க இடம் இருக்காது. ரசீதோடு கூடிய சான்றளிக்கப்பட்ட தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடிதத்தில் உங்கள் முழுப்பெயர், நீங்கள் பயன்படுத்திய மற்ற வடிவங்கள், பிறந்த தேதி, இப்போதைய முகவரி, கடந்த இரண்டு ஆண்டு முகவரிகள் இருக்கட்டும். பிறகு இந்த மாதிரி எழுதலாம்:

'நான் இந்தியாவிலிருந்து வந்தவன். என் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. என் பெயர் வெவ்வேறு ஆவணங்களில் கீழ்க்கண்ட வடிவங்களில் இருக்கிறது. இவை மூன்றும் என்னையே குறிக்கும். அறிக்கையில் இன்ன எண்ணில் முடியும் கணக்கு என்னுடையது இல்லை. அந்த முகவரியில் நான் வசித்ததில்லை. அந்தக் கணக்கையும் முகவரியையும் நீக்கி, என் பெயரை ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இதை ஆங்கிலத்தில், குறை சொல்லும் தொனி இல்லாமல், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட்டின் பெயர்ப் பக்கம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஒரு பில் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். அசல் எதையும் அனுப்பாதீர்கள். அறிக்கையில் தவறான வரியை வட்டமிட்டு அந்தப் பக்கத்தின் நகலையும் வையுங்கள். தவறான தகவலைக் கொடுத்த நிறுவனத்துக்கும் இதே கடிதத்தின் பிரதியை அனுப்பலாம். அதற்கும் விசாரிக்கும் கடமை உண்டு.

பீரோ 30 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். நடுவில் நீங்கள் புதிய ஆவணம் அனுப்பினால் இன்னும் 15 நாள் எடுத்துக்கொள்ளலாம். வருடாந்தர இலவச அறிக்கையைப் பார்த்து எழுப்பிய ஆட்சேபத்துக்கு 45 நாள். சரிபார்க்க முடியாத தகவலை நீக்கியாக வேண்டும். முடிந்த ஐந்து வேலை நாளுக்குள் முடிவை எழுத்தில் சொல்ல வேண்டும். எனவே ஒரு மாதம் பொறுமை தேவை. இடையில் தினமும் கூப்பிட்டுப் பயனில்லை.

தெரியாத கணக்கு பெயர்க் கலப்பால் வந்ததில்லை, யாரோ உங்கள் எண்ணை வைத்துத் திறந்திருக்கிறார்கள் என்று தோன்றினால் வழி வேறு. ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் புகார் பதியுங்கள். அந்த அறிக்கையையும் அடையாளச் சான்றையும் அனுப்பினால், மோசடித் தகவலை நான்கு வேலை நாளுக்குள் பீரோ தடுத்து வைக்க வேண்டும். மூன்று பீரோக்களிலும் உங்கள் கோப்பை உறைய வைக்கலாம். 2018 செப்டம்பரிலிருந்து இது நாடு முழுதும் இலவசம். ஏற்கெனவே உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி கோப்பைப் பார்ப்பதை இது தடுக்காது, புதிதாக உங்கள் பெயரில் கடன் திறப்பதைத்தான் தடுக்கும்.

அறிக்கை சரியாகவே இருந்தால்

பிழை ஒன்றும் இல்லை, காரணம் உண்மைதான் என்றால் ஆட்சேபம் போட்டுக் காலம் கடத்தாதீர்கள். ஃபைகோ ஸ்கோரில் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதமும் பாக்கியின் அளவுக்கு 30 சதவீதமும் எடை. இதில் சீக்கிரம் சரியாவது இரண்டாவதுதான். அதிகம் நிரம்பிய கார்டில் பணத்தைக் கொட்டுங்கள். ஸ்டேட்மெண்ட் தேதிக்கு முன்பே கட்டினால் குறைந்த பாக்கி பீரோவுக்குப் போகும். கணக்கின் வயது குறைவு என்பதற்கு மருந்து காலம் மட்டுமே.

கார்டு நின்றதே உங்கள் விகிதத்தை மாற்றும் என்பதையும் கவனியுங்கள். 3,000 டாலர் வரம்புள்ள ஒரு கார்டில் 1,000 டாலர் பாக்கி, 2,000 டாலர் வரம்புள்ள ஸ்டோர் கார்டில் பாக்கியே இல்லை என்றால் மொத்தத்தில் 20 சதவீதம்தான். ஸ்டோர் கார்டு மூடப்பட்டால் அதுவே 33 சதவீதம் ஆகிவிடும். அதனால் அந்த மாதமே மற்ற கார்டில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவது நல்லது. ஒழுங்காகக் கட்டிய கணக்கு மூடப்பட்டாலும் அதன் நல்ல வரலாறு பத்து ஆண்டு வரை அறிக்கையில் இருக்கும். அது அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம்.

'வட்டி இல்லை' என்று வாங்கிய சோபா

ஸ்டோர் கார்டில் உண்மையான ஆபத்து இங்கேதான். '12 மாதத்துக்குள் கட்டினால் வட்டி இல்லை' என்ற சலுகையில் பெரும்பாலும் வட்டி ஒத்திவைக்கப்படுகிறதே தவிர, தள்ளுபடி ஆவதில்லை. கெடு நாளில் 20 டாலர் பாக்கி இருந்தாலும், வாங்கிய நாளிலிருந்து முழுத் தொகைக்கும் கணக்கிட்ட வட்டி ஒரேயடியாகச் சேரும். பல கடை கார்டுகளில் அது ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல்.

கணக்கு நிறுத்தப்பட்டதால் மட்டும் இந்தச் சலுகை ரத்தாகாது. 60 நாளுக்கு மேல் தவணை தவறினால்தான் அதை எடுத்துவிட முடியும். கணக்கை மூடிவிட்டு மொத்தப் பாக்கியையும் உடனே கட்டு என்று நெருக்கவும், மூடியதற்குக் கட்டணம் போடவும் விதிகள் இடம் தருவதில்லை. ஆனால் சலுகை முடியும் தேதி அப்படியே இருக்கும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் அந்தத் தேதிக்குள் கடன் தீராது. ஸ்டேட்மெண்டில் தேதியைப் பார்த்து, மீதி மாதங்களில் ஒன்றைக் குறைத்து மீதித் தொகையை அதனால் வகுத்து, கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே முடியும்படி ஆட்டோ பேயை மாற்றி வையுங்கள்.

பொருளைத் திருப்பிக் கொடுத்து, நின்றுபோன கார்டுக்கே பணம் திரும்பினால் அது கணக்கில் உங்கள் பணமாக நிற்கும். ஒரு டாலருக்கு மேல் இருந்தால் எழுத்தில் கேளுங்கள், ஏழு வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

மறுபடி திறக்கச் சொல்வது

பிழை திருத்தப்பட்ட முடிவுக் கடிதம் வந்ததும் அதன் நகலை வங்கிக்கு அனுப்பி, மறுபரிசீலனை செய்யும்படி கேளுங்கள். நிறுத்தி மட்டும் வைத்த கணக்கு திறக்க வாய்ப்பு உண்டு. அடியோடு மூடியதற்குப் பல வங்கிகள் புதிய விண்ணப்பம் கேட்கும். சரி என்று சொல்லும் முன் 'ஹார்ட் புல்' உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறக்க வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. மறுத்தால், திருத்திய அறிக்கையோடு ஒரு சாதாரண வங்கிக் கார்டுக்கோ, முன்பணம் வைத்து எடுக்கும் செக்யூர்டு கார்டுக்கோ போவது நல்லது. இவ்வளவு வட்டியுள்ள கடை கார்டை விட்டு வெளியே வர இது சரியான தருணம் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

காரணக் கடிதம் வரவே இல்லை, அல்லது பீரோ விசாரிக்காமலே 'சரிபார்த்தோம்' என்று எழுதிவிட்டது என்றால், நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். பீரோ மீதான புகார் என்றால் முதலில் பீரோவிடம் ஆட்சேபம் பதிந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் பொதுவாக 15 நாளுக்குள் பதில் சொல்லும், சிக்கலானவற்றுக்கு 60 நாள் வரை ஆகலாம். தேதிவாரியாக என்ன நடந்தது என்று எழுதி, கடிதங்களை இணைத்தால் போதும்.

முடிவுக் கடிதத்தை ஒரு கோப்பில் போட்டு வைத்துவிட்டு, மூன்று நான்கு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். பெயர்க் கலப்பில் நீக்கிய கணக்கு, கடன் கொடுத்தவர் அடுத்த முறை தகவல் அனுப்பும்போது திரும்ப வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. அப்படி மறுபடி சேர்த்தால் ஐந்து வேலை நாளுக்குள் பீரோ உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் சேர்த்திருந்தால், பழைய முடிவுக் கடிதத்தின் நகலை இணைத்து உடனே அடுத்த ஆட்சேபத்தை அனுப்புங்கள்.